மூன்றாவது முளைக்குப் பக்கத்தில் நாற்பது மாடுகள்

ஆரின் ஸ்டாடர்ட் புல்லை அளப்பதை முதன்முதலாகப் பார்த்தபோது, குதிரையிலிருந்து விழுந்து செத்துக் கிடக்கிறார் என்றுதான் நினைத்தேன். பேட்ஜர் ஓடைக்கரையில் குப்புறப் படுத்திருந்தார். தொப்பி ஒரு பக்கம் கிடந்தது. நான் என் குதிரையை விரட்டிக்கொண்டு போய்க் குதித்து இறங்கினேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நிழல் விழுது ட்வைலா. கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார்.

கையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் மர ஸ்கேல் ஒன்று இருந்தது.

நாங்கள் இருந்தது நெவாடாவின் வடக்கு மூலை. எங்கள் வீட்டிலிருந்து ஆரின் வீட்டுக்கு ஏழு மைல். அவரை விட்டால் அடுத்த வீட்டுக்கு இருபத்தைந்து மைல் போக வேண்டும். பேட்ஜர் ஓடையும் அதைச் சுற்றிய குன்றுகளும் அரசாங்க நிலம். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அங்கே சேர்த்து மேய்த்துக்கொள்ள அனுமதி உண்டு. பத்து வருடத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பித்துத் தருவார்கள். ஜூனில் மாடுகளைக் குன்றுக்கு ஏற்ற வேண்டும், செப்டம்பர் முப்பதுக்குள் இறக்கிவிட வேண்டும். இறக்கும்போது ஓடைக்கரையில் புல் நாலு அங்குலமாவது நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால், பனி உருகித் தண்ணீர் பாயும்போது கரை இடிந்து போகும். விதி அவ்வளவுதான். அதில் யாருக்கும் சண்டை இல்லை.

புல்லை அளக்க வேண்டியது நில அலுவலகம். ஆனால் அங்கே ஆள் வருவதும் போவதுமாக இருந்தது. வந்தவர் ஓடைக்கு வழி கற்றுக்கொள்வதற்குள் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிவிடுவார். ஒரு முறை அவர்களே ஊர்ப் பொதுக்கூடத்தில் எங்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். ஓடைக்கரையில் ஏழு இடத்தில் இரும்பு முளை அடித்துக்கொள்ளுங்கள், வருடா வருடம் அதே இடத்தில் அளங்கள், அதே இடத்தில் நின்று போட்டோ எடுங்கள், நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் அதுவே உங்களுக்குப் பாதுகாப்பு என்றார்கள். என் கணவன் ஃபெர்மின் அந்த வகுப்புக்குப் போனது அங்கே கொடுத்த ஆப்பிள் பலகாரத்துக்காக. ஆரின் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மறுவாரமே ஏழு முளையும் அடித்துவிட்டார்.

அவர் மனைவி ஆர்டெத் அதற்கு முந்தைய வருடம்தான் இறந்திருந்தாள். அவருக்கு ஏதோ ஒரு வேலை வேண்டியிருந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஃபெர்மினுக்கு அது சிரிப்பாக இருந்தது. "என்ன ஆரின், இந்த வருஷம் புல்லுக்குப் பிறந்தநாள் எப்போ? கேக் வெட்டணும்ல?" என்பான். ஆரினும் சிரிப்பார். ஆறு வருடம் இப்படிப் போயிற்று. முதல் மூன்று வருடம் மழை இருந்தது. அடுத்த மூன்று வருடம் இல்லை.

கடைசி வருடம் செப்டம்பரில் எனக்கு மார்பில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். இருபத்து நாலாம் தேதி ரீனோவில் அறுவை சிகிச்சை. மாடுகளை இறக்குகிற நேரம். ஃபெர்மின் இரண்டு நாள் சாப்பிடாமல் முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தான். ஆரின் வந்தார்.

"நீ போடா. உன் மாடும் என் மாடும் ஒரே புல்லைத்தான் தின்னுது. நான் இறக்கி விடறேன்."

"உன் முட்டி?"

"குதிரைக்கு நாலு முட்டி இருக்கு. அது நல்லாத்தான் இருக்கு."

நாங்கள் போனோம். அவர் நாயை மட்டும் வைத்துக்கொண்டு, வீங்கிய முட்டியோடு, ஆறு நாள் மாடு கூட்டினார். தன்னுடையது எல்லாவற்றையும் எங்களுடையதில் பெரும்பகுதியையும் இறக்கிவிட்டார். எங்கள் மாடுகளில் நாற்பது மட்டும் வில்லோ புதருக்குள் புகுந்து மறுபடி ஓடைக்கே ஏறிவிட்டன. இரண்டு தடவை போய்த் துரத்தியிருக்கிறார். இரண்டு தடவையும் திரும்பிவிட்டன. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி என்னை வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு, மறுநாள் ஃபெர்மின் போய் அவற்றை இறக்கினான். அதற்கப்புறம் அந்த நாற்பது மாட்டைப் பற்றி யாருமே பேசவில்லை. என் வீட்டு வேலை மூன்று மாதம் நின்று போயிருந்தது. ஃபெர்மின் சமைத்ததைச் சாப்பிடுவதே எங்களுக்குப் பெரிய பேச்சாக இருந்தது.

பிப்ரவரியில் மேரிபெத் வந்தாள். நில அலுவலகத்தின் புது ஆள். முப்பது வயதுகூட இருக்காது. வெள்ளை பிக்கப் வண்டி சேற்றில் பக்கவாட்டாக வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. அன்று ஆரினும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவளைச் சமையலறையில் உட்காரவைத்து, பீன்ஸும் சொரிசோ இறைச்சியும் போட்டு, காப்பி ஊற்றினேன். அவள் சாப்பிடவில்லை. சொல்ல வந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தவித்தாள்.

"உங்க அனுமதியைப் போன வருஷம் புதுப்பிச்சோம் இல்லையா, அதை எதிர்த்து ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு கேஸ் போட்டிருக்கு. நிலம் எப்படி இருக்குன்னு அளக்காமலே எப்படிப் புதுப்பிச்சீங்கன்னு கேக்கறாங்க. ஆறு வருஷமா எங்க ஆபீஸ்ல இருந்து யாரும் இங்க வந்து அளக்கல. அது எங்க தப்புதான். ஆனா யார் தப்புன்னு ஜட்ஜுக்குக் கவலை இல்ல. ஏப்ரலுக்குள்ள ஏதாவது அளவு காட்டலைன்னா, ஜூன்ல ஒரு மாடுகூட மேல ஏற முடியாது."

"பனிக்குள்ள போய்ப் புல்லை அளக்கச் சொல்றாரா உங்க ஜட்ஜு?" என்றான் ஃபெர்மின்.

"எனக்குப் பதினெட்டு மேய்ச்சல் நிலம் இருக்கு சார். நான் ஒருத்திதான். போன வருஷ அளவுக்கு நான் எங்க போவேன்?" அவள் குரல் உடைந்தது. காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஃபெர்மினுக்கு அந்தப் பெண் மேல் இரக்கம் வந்துவிட்டது. மேசையை ஒரு தட்டுத் தட்டினான்.

"அளவுதானே வேணும்? இதோ உக்காந்திருக்கானே, புல்லுக்குப் பிறந்தநாள் கொண்டாடற ஆளு. ஆறு வருஷமும் எழுதி வச்சிருக்கான். போட்டோவோட."

மேரிபெத் ஆரினைப் பார்த்தாள். ஆரின் தன் தட்டைப் பார்த்தார்.

"இருக்கு" என்றார். "நாளைக்குக் கொண்டுவரேன்."

மறுநாள் காலையில் நோட்டுகளோடு வந்தார். அலுவலகத்துக்குப் போகிற வழியில் இறங்கியிருந்தார். ஃபெர்மினிடம் நீட்டி, "குடுக்கறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை படிச்சுடு" என்றார்.

ஃபெர்மின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். முதல் மூன்று வருடம் ஐந்து அங்குலம், நாலரை, சில இடத்தில் ஆறு. பிறகு மூன்று. பிறகு இரண்டரை. பக்கம் புரட்டப் புரட்ட அவன் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசி நோட்டில் ஒரு இடத்தில் அவன் விரல் நின்றுவிட்டது. வெகுநேரம் எடுக்கவில்லை. நான் எழுந்து போய் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

அக்டோபர் ஒன்பது. மூன்றாவது முளை. இரண்டு அங்குலம். பக்கத்தில் நாற்பது மாடுகள். அரெகி முத்திரை.

அரெகி நாங்கள்தான். எங்கள் மாடுகளின் மேல் சூடு போட்ட முத்திரை அது.

"நான் எங்க போயிருந்தேன்னு இதுல எழுதலையே நீ" என்றான் ஃபெர்மின்.

"நோட்டுல அதுக்கு இடம் இல்ல. புல்லு எவ்வளவு, எத்தனை மாடு, யார் முத்திரை. அதைத்தான் எழுதுவேன்."

"அந்த நாற்பதை இறக்காம விட்டது யாரு?"

"நான்தான்."

"அதை எழுதினியா?"

"இல்ல" என்றார்.

"முதல் மூணு நோட்டை மட்டும் குடு. மீதியை எலி தின்னுடுச்சுன்னு சொல்லு."

"எலி தின்னலையே ஃபெர்மின்."

"தின்னலைன்னு எனக்குத் தெரியாதா? யோவ், இது உன் சொத்து மட்டும் இல்ல. என்னோடதும்தான். எங்க அப்பா ஆடு மேய்ச்ச நிலம் அது."

"மூணு வருஷத்தோட நிறுத்தினா, மீதி மூணு எங்கன்னு கேப்பாங்க. நான் பொய் சொல்லணும். எனக்கு வராது. சொன்னாலும் என் மூஞ்சியில தெரிஞ்சுடும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எதற்கு என்னைப் பார்த்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. தையல் பிரித்த இடத்தில் இன்னும் வலி இருந்தது. உட்கார்ந்து பேசினாலே களைத்துப் போகிற காலம் அது. ஒன்றும் கொடுக்காவிட்டால் மொத்தமாக மூடிவிடுவார்கள். கொடுத்தால் அதைப் படிக்கிறவரும் ஒரு மனிதர்தானே, அந்தப் பெண்ணைப் போல ஒருவர், வறட்சி என்றால் அவருக்குப் புரியாதா, ஆஸ்பத்திரி என்றால் புரியாதா என்று நினைத்தேன்.

"குடுத்துடுங்க ஆரின்" என்றேன்.

அவர் கொடுத்தார்.

படித்தவர்கள் பல பேர். நான் நினைத்த மாதிரி ஒருவர் மட்டும் இல்லை. வழக்குப் போட்ட அமைப்பின் வக்கீல்கள், அரசாங்க வக்கீல்கள், தலைநகரத்தில் இருந்த ஏதோ நிபுணர்கள் என்று எல்லோரும் படித்தார்கள். அவ்வளவு ஒழுங்காக எழுதிய நோட்டை அவர்கள் பார்த்ததே இல்லை என்று மேரிபெத் சொன்னாள். அதனால் அதில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் நம்பினார்கள். மே மாதம் கடிதம் வந்தது. இரண்டு குடும்பத்துக்கும் மாடுகளின் எண்ணிக்கையில் பாதியைக் குறைத்திருந்தார்கள். ஐந்து வருடத்துக்கு. அதற்கு மேல், தேதி கடந்தும் மாடு நின்றதற்காக எங்களுக்கு மட்டும் இரண்டு வருடம் ஓடைப்பக்கம் முழுவதும் தடை. ஓடை இல்லாமல் அந்த நிலத்தில் தண்ணீர் கிடையாது. அதாவது எங்களுக்கு எதுவும் இல்லை.

குன்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பண்ணை இருந்தது. அங்கே புல் எங்களுடையதைவிட மோசம். மாடு நவம்பர் வரை நிற்கும். அங்கே யாரும் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. அவர்கள் மேல் வழக்கும் இல்லை. அந்த ஜூனிலும் அவர்கள் மாடுகளை ஏற்றினார்கள். எங்கள் வேலியிலிருந்து புழுதி தெரிந்தது.

நாங்கள் மேல்முறையீடு செய்தோம். விசாரணை மே மாதக் கடைசியில் ஊரிலேயே, நீதிமன்றக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. ஆரின் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாடிப்படி ஏற அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. தன் பெயர் கூப்பிடப்பட்டதும் எழுந்து நின்றார்.

"ஐயா, அந்த நாற்பது மாடு நின்னது என்னால. இவங்க ஆஸ்பத்திரியில இருந்தாங்க. நான் இறக்கறேன்னு வாக்குக் குடுத்தேன். என்னால முடியல. தண்டனையை எனக்குப் போடுங்க."

விசாரித்தவர் மோசமானவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"இதெல்லாம் உங்க நோட்டுல இருக்கா, மிஸ்டர் ஸ்டாடர்ட்?"

"இல்ல ஐயா."

"மாடு யாரோடது?"

"அவங்களோடது."

"அந்த மாட்டுக்கு அனுமதி யார் பேர்ல இருக்கு?"

"அவங்க பேர்ல."

"எனக்கு வருத்தமா இருக்கு. ஆனா மாட்டுக்குப் பொறுப்பு அனுமதி வச்சிருக்கறவங்கதான். அவங்க யார்கிட்ட சொல்லிட்டுப் போனாங்கன்றதைச் சட்டம் பாக்காது."

ஆரின் நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஜூன் முதல் வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஃபெர்மின் கொட்டிலில் சேணம் தைத்துக்கொண்டிருந்தான். பிப்ரவரிக்குப் பிறகு இருவரும் தனியாகப் பேசவே இல்லை. நான் கொட்டில் வாசலில் நின்றிருந்தேன்.

"எனக்குப் பாதி விட்டிருக்காங்கல்ல. என் மாட்டை நான் வித்துடறேன். எனக்கு வயசாயிடுச்சு, அவ்வளவு மாடு எதுக்கு? உன் மாட்டை என் எண்ணிக்கையில ஏத்து. என் முத்திரையைப் போட்டுக்கலாம். யாருக்கும் தெரியாது" என்றார் ஆரின்.

அது சட்டப்படி குற்றம். ஒருத்தர் அனுமதியில் இன்னொருத்தர் மாட்டை மேய்க்கக் கூடாது. முத்திரையை மாற்றுவது அதைவிடப் பெரிய குற்றம். ஆரின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. சொல்லும்போது அவர் காது சிவந்திருந்தது.

ஃபெர்மின் ஊசியைக் கீழே வைத்தான்.

"அக்டோபர்ல புல்லை அளக்கப் போவியே, அப்போ என்ன எழுதுவே?"

ஆரின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஸ்டாடர்ட் முத்திரைன்னு எழுதுவியா? அது என் மாடுன்னு தெரிஞ்சுக்கிட்டே? சொல்லுய்யா. எழுத வருமா உனக்கு?"

ஆரின் வாயைத் திறந்தார், மூடினார்.

"வராது. அதையும் எழுதிடுவே" என்றான் ஃபெர்மின். "உன்னை நான் திட்டல. நீ அப்படித்தான். ஆனா என் மாட்டை உன் நோட்டுக்குள்ள இன்னொரு தடவை நான் அனுப்ப மாட்டேன்."

ஆரின் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். வண்டி வெகுநேரம் கிளம்பவில்லை. நான் போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தபோது கிளம்பிற்று.

மாடுகளை விற்றுவிட்டோம். ஜூலையில் லாரிகள் வந்தன. மாடுகளை எல்லாம் ஏற்ற ஒரு நாள் முழுக்க ஆயிற்று. யாரும் கூப்பிடாமலே ஆரின் காலையிலேயே வந்து, வாயிலைத் திறந்து மூடும் இடத்தில் நின்றுகொண்டார். ஃபெர்மின் அவரைப் போகச் சொல்லவில்லை. வேலையைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. முப்பது வருடம் சேர்ந்து வேலை செய்தவர்கள். ஒருத்தர் தலையை அசைத்தால் இன்னொருத்தருக்குப் புரியும். மாடுகள் ஏறிக்கொண்டே இருந்தன. கன்றைப் பிரித்த மாடு ஒன்று லாரியின் பக்கவாட்டில் முட்டி முட்டிக் கொம்படியில் ரத்தம் வந்தது. மதியம் நான் எல்லோருக்கும் ரொட்டியும் இறைச்சியும் எடுத்துப் போனேன். ஆரின் வாயிலடியிலேயே நின்று சாப்பிட்டார். கடைசி லாரி போனதும் என்னிடம் மட்டும் வந்தார்.

"எழுதியிருக்கலாம் ட்வைலா. ஒரு வரிதானே. பென்சில் கையிலேயே இருந்துச்சு. முட்டி வலி வேற. சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு."

கொடுங்கள் என்று சொன்னது நான்தான் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்குமா, எனக்கா என்று தெரியவில்லை. சொல்லாமல் விட்டுவிட்டேன்.

வீட்டையும் எங்கள் சொந்த நிலத்தையும் கலிஃபோர்னியாக்காரர் ஒருவர் வாங்கினார். எல்க் மான் வேட்டைக்கு வருடத்தில் பத்து நாள் வருவார். நாங்கள் ஊருக்குக் குடிவந்தோம். அறுபத்தோரு வயதில் ஃபெர்மின் தங்கச் சுரங்கத்தில் லாரி ஓட்டப் போனான். வீட்டளவு பெரிய லாரி. பள்ளத்துக்குள் இறங்கி, மண்ணை ஏற்றி, மேலே வந்து கொட்டிவிட்டு, மறுபடி இறங்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் அதே பாதை. வேலை எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், "ஏசி இருக்கு" என்பான்.

மேரிபெத் அந்த வருடமே வேறு மாநிலத்துக்குப் போய்விட்டாள். போகும் முன் என்னைக் கடையில் பார்த்து அழுதாள். நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. அவளுக்குப் பதிலாக யாரும் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். ஆரின் பாதி மாடுகளோடு இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவரும் விற்றுவிடுவார் என்றார்கள், ஆனால் விற்கவில்லை. ஊருக்கு வந்தால் நாங்கள் போகும் கடைக்கு வருவதில்லை.

போன மாதம் எனக்கு ஐந்தாவது வருடப் பரிசோதனை. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது ஃபெர்மின் நெடுஞ்சாலையில் வராமல் பழைய கப்பிச் சாலையில் வண்டியைத் திருப்பினான். நாங்கள் ஊருக்குப் போனபிறகு அந்தப் பக்கம் வந்ததே இல்லை. சேஜ் புதர்கள் சாம்பல் நிறத்தில் இரண்டு பக்கமும் ஓடின. எங்கள் வாயிலில் புதுப் பூட்டு. அதைத் தாண்டி நாலு மைலில் எதிரே புழுதி தெரிந்தது. கிட்டே வந்தபோதுதான் அது ஆரினின் பிக்கப் என்று புரிந்தது.

எங்கள் பக்கம் எதிரே வண்டி வந்தால், தெரிந்தவரோ தெரியாதவரோ, ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவது வழக்கம். ஃபெர்மின் வேகத்தைக் குறைத்தான். நிறுத்தப் போகிறான் என்று நினைத்து நான் சீட்பெல்ட்டைக்கூடக் கழற்றிவிட்டேன். அவன் நிறுத்தவில்லை. ஒரு விரலைத் தூக்கினான். ஆரினும் தூக்கினார். அவர் ரொம்ப மெலிந்து போயிருந்தார். பக்கத்து இருக்கையில் ஒன்றும் இல்லை, நாய்கூட இல்லை.

கண்ணாடியில் அவர் வண்டி நடுச்சாலையில் நின்றுவிட்டது தெரிந்தது. பிரேக் விளக்குச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"நின்னுட்டாரு ஃபெர்மின்" என்றேன்.

"பாத்தேன்" என்றான்.

ஆனாலும் வண்டியை நிறுத்தவில்லை. சாலை வளைவு வரும்வரை நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.